கூட்டைத் திறந்தால் ஒரு கோழிகூட எழவில்லை... வீட்டுக் கோழிகளைக் காப்பாற்றும் ஒரு சொட்டு மருந்து!

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், கோழி வளர்க்கும் வீடுகளில் ஒரு பயம் தொற்றிக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலம் ஒரே ஒரு கோழி மட்டும் தானியத்துக்கு ஓடி வராமல் சுவரோரமாகத் தூங்கி வழியும். மறுநாள் அதன் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராய்ப் போகும். அதற்கடுத்த நாள் கூட்டைத் திறந்தால் இரண்டு செத்துக் கிடக்கும். வாரம் முடிவதற்குள் கூடே காலியாகிவிடும்.

"சீக்கு வந்துச்சு, எல்லாம் போயிடுச்சு" என்று ஒரு வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மழை வந்தது, வெயில் அடித்தது என்பதுபோல, அதுவும் வருடா வருடம் வந்து போகும் ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தச் சீக்குக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. அரசு முகாம்களில் அதை இலவசமாகவே போடுகிறார்கள். இருந்தும் கூடுகள் காலியாகின்றன என்றால், சிக்கல் மருந்தில் இல்லை. மருந்து கோழியிடம் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

சிறுவாட்டுக் காசு

வீட்டைச் சுற்றி மேயும் பத்துக் கோழிகளைப் 'பண்ணை' என்று யாரும் சொல்வதில்லை. அரசு ஆவணங்களில் இதற்குப் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்று பெயர். பெயர்தான் புறக்கடை, எண்ணிக்கை சாதாரணமானது அல்ல. 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 85 கோடி கோழியினங்கள் இருக்கின்றன. அதில் 31 கோடிக்கும் மேல் இப்படி வீடுகளில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், வீட்டுக் கோழிகளின் எண்ணிக்கை மட்டும் சுமார் 46 சதவிகிதம் கூடியிருக்கிறது. மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சுமார் 12 கோடி. நாமக்கல் இருக்கும்போது அதில் ஆச்சர்யம் இல்லை.

நாமக்கல் பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நம் வீட்டு நாட்டுக்கோழி 50, 60 இட்டாலே பெரிய விஷயம். அப்படியிருந்தும் ஏன் வளர்க்கிறார்கள்? செலவு இல்லை என்பதுதான் முதல் காரணம். சிந்திய அரிசி, புழு, பூச்சி, கரையான், கீரை, சாப்பாட்டு மிச்சம் என்று தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும் ஜீவன் அது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மாடு விற்ற பணம் வீட்டு ஆண்களின் கைக்குப் போகும். நெல் விற்ற பணம் கடனுக்குப் போகும். கோழி விற்ற பணமும் முட்டைக் காசும் பெரும்பாலான வீடுகளில் பெண்களின் கையிலேயே நிற்கும். அரிசிப் பானைக்குள்ளோ, புடவை மடிப்புக்குள்ளோ போகிற சிறுவாட்டுக் காசு அது. பிள்ளையின் பள்ளிச் சுற்றுலா, திடீர்க் காய்ச்சல், நாத்தனார் வீட்டு விசேஷம் என எதற்கும் யாரிடமும் கேட்டு நிற்காமல் எடுக்கக்கூடிய பணம். விருந்தாளி வந்தால் குழம்புக்கும் வேறு எங்கும் போக வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பெட்டை, ஒரு சேவல் உள்ள வீடு. ஒரு பெட்டை ஒரு பருவத்துக்கு 10 முதல் 15 முட்டை இட்டு, அதன் மேலேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று முறை அடை வைத்து, ஒவ்வொரு முறையும் எட்டுக் குஞ்சு பொரித்தால் நான்கு பெட்டைக்கும் சேர்த்து 96 குஞ்சுகள். அதில் பாதி பிழைத்தாலே 48 கோழிகள். நாட்டுக்கோழிக்குச் சந்தையில் பிராய்லரைவிட எப்போதும் கூடுதல் விலைதான். கையிலிருந்து அதிகம் செலவு செய்யாமல், வருடத்துக்கு 48 கோழிகள் என்பது ஒரு வீட்டுக்குச் சின்ன வருமானம் இல்லை.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் 'பாதி பிழைத்தாலே' என்ற இடத்தில்தான் எல்லாம் சறுக்குகிறது.

அவயம் வைக்கிற கலை

அடை, அவயம், அடைகாப்பு என ஊருக்கு ஒரு பெயர். கோழி கூட்டைவிட்டு எழாமல், கிட்டே போனால் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு 'கர்ர்' என்று உறுமினால் அது அடைக்குத் தயார் என்று அர்த்தம். கூடையில் வைக்கோலோ மணலோ பரப்பி முட்டைகளை அடுக்கி, இருட்டிய பிறகு கோழியைத் தூக்கி வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத்துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், இரும்பு வைத்தால் ஆகாது என்பது நம்பிக்கை. அந்த இரும்பு உண்மையில் இடியைத் தாங்குகிறதோ இல்லையோ, வைக்காவிட்டால் பாட்டிகளுக்குத் தூக்கம் வராது.

கூமுட்டை ஆவதற்குப் பெரும்பாலும் இடி காரணமில்லை, பழைய முட்டைதான் காரணம். இட்டு ஒரு வாரத்துக்குள் உள்ள முட்டைகளே அடைக்கு நல்லது. கோடையில் இந்தக் காலத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். முதலில் இட்ட இரண்டு மூன்று முட்டைகளை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, கடைசியில் இட்டவற்றை அடைக்கு வைப்பது புத்திசாலித்தனம். சேர்த்து வைக்கும்போது அகன்ற பக்கம் மேலே இருக்கட்டும். இடம் குளுமையாக இருக்கட்டும். சின்ன உடம்புள்ள கோழிக்குப் பத்து முட்டையே போதும். ஆசைப்பட்டு பதினெட்டு வைத்தால், ஓரத்தில் இருப்பவற்றுக்குச் சூடு போய்ச் சேராது.

ஏழாவது நாள் இருட்டறையில் முட்டையின் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது கருக்கூடாத முட்டை, எடுத்துவிடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் காட்டத் தவறாதீர்கள். அறிவியல் பாடம் இலவசம்!

21-வது நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தித் திறக்கும். சில முட்டைகள் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். அவசரப்பட்டு நாம் ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுத்தால், ரத்தக்கசிவில் அது செத்துப்போக வாய்ப்பு அதிகம். அடைகாக்கும் இந்த மூன்று வாரமும் கோழி சரியாகச் சாப்பிடாது. தினம் ஒரு தடவையாவது அதை இறக்கிவிட்டுக் கம்பும் தண்ணீரும் காட்ட வேண்டும். எச்சம் போட்டு, மண் குளியல் போட்டு, கால் மணி நேரத்தில் அதுவே திரும்ப வந்து உட்காரும்.

குஞ்சு வந்ததும்தான் உண்மையான வேலை ஆரம்பம். முதல் வாரம் குஞ்சுக்குத் தேவையான சூடு சுமார் 35 டிகிரி செல்சியஸ். தாய்க்கோழியின் இறக்கைக்குள் அந்தச் சூடு இருக்கிறது. தாய் இல்லாமல் கடையில் வாங்கிய குஞ்சுகள் என்றால் அட்டைப்பெட்டியும் குண்டு பல்பும்தான் தாய். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. தெர்மாமீட்டர் வாங்க வேண்டியதில்லை, குஞ்சைப் பார்த்தாலே போதும்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளுக்கு வேறு ஆபத்துகள். காக்கா, பருந்து, கீரி, பூனை, தெருநாய், பாம்பு என்று பட்டியல் நீளம். மேலே பருந்து நிழலாடினால் கோழி எழுப்பும் சத்தம் வேறு, தரையில் கீரியோ நாயோ வந்தால் எழுப்பும் சத்தம் வேறு. கேட்கிற குஞ்சுகளுக்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரியும். ஆனாலும் முதல் மூன்று, நான்கு வாரம் குஞ்சுகளைத் திறந்தவெளியில் விடாமல், பகலிலும் பஞ்சாரத்துக்குள் போட்டு வைப்பதே நல்லது. சில ஊர்களில் இதையே கொடாப்பு என்பார்கள். மூங்கில் பஞ்சாரம் கிடைக்காதவர்கள் இப்போது பிளாஸ்டிக் வலையைக் கம்பி வளையத்தில் சுற்றி மேலே மூடிவிடுகிறார்கள். அதுவும் போதும்.

தீனி விஷயத்தில் ஒரு பழைய உத்தி இன்னும் வேலை செய்கிறது. உடைந்த மண்பானைக்குள் பழைய சாக்கு, காய்ந்த சாணி, ஓலைக் குப்பை எல்லாவற்றையும் நனைத்துத் திணித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட ருசியான புரதம் வேறில்லை. தண்ணீர் வசதி இருப்பவர்கள் சிறு தொட்டியில் அசோலா வளர்க்கலாம். பெரிய கோழிகளுக்குச் சாயங்காலம் கூடு அடையும் நேரத்தில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கம்போ, சோளமோ, நொய்யோ போட்டால் போதும். அந்த ஒரு பிடித் தானியம்தான் கோழியை வீட்டுக்குத் திரும்ப வரவைக்கும் கயிறு. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும், உப்பு அதிகமான மிச்சமும் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே கோழிக்கு விஷம்.

மாடியில் வளர்க்கலாமா?

இந்தக் கேள்வி நகரங்களில் நிறையவே எழுகிறது. முட்டைக்காக மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை வருவது பெரும்பாலும் சேவலால்தான். விடியலைப் பார்த்துச் சேவல் கூவுவதாக நாம் நினைக்கிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளிச்சமே மாறாத அறையில் சேவல்களை வைத்துப் பார்த்து 2013-ல் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதாவது, கூண்டைப் போர்வையால் மூடினாலும் அது கூவத்தான் செய்யும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

முட்டையின் நிறம் பற்றியும் ஒரு விஷயம். ஓடு பழுப்பாக இருந்தால் அது நாட்டுக்கோழி முட்டை என்று அர்த்தம் இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணை இனங்களும் இருக்கின்றன. மஞ்சள் கரு அடர்த்தியான நிறத்தில் இருப்பது கோழி தின்ற கீரை, புல், மக்காச்சோளத்தால் வருவது. இந்த விவரம் தெரியாமல் பழுப்பு முட்டைக்கு இரண்டு மடங்கு கொடுப்பவர்கள் ஏராளம்.

எந்த இனம் வாங்கலாம்? அடை உட்கார்ந்து குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் நம் சிறுவிடைதான் கெட்டிக்காரி. கறிக்கு எடை வேண்டும் என்றால் பெருவிடை, அசில். ஆனால் அசில் முட்டையில் கஞ்சம். முட்டை கொஞ்சம் அதிகம் வேண்டும் என்பவர்களுக்காக நந்தனம் கோழி, ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அடைக்கு உட்காராது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எந்த இனமாக இருந்தாலும், அடுத்துச் சொல்லப்போகும் நோய் பேதம் பார்க்காது.

ராணிக்கெட்: மலை ஊரின் பெயரில் ஒரு நோய்

நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல். மருத்துவர்களிடம் ராணிக்கெட். உலகின் மற்ற இடங்களில் நியூகாசில். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் கண்டறியப்பட்டதால் அங்கே அந்தப் பெயர். அடுத்த ஆண்டே, இன்றைய உத்தரகாண்டில் உள்ள ராணிக்கெட் என்ற மலை ஊரில் தலைகாட்டியதால் இந்தியாவில் இந்தப் பெயர். அழகான சுற்றுலாத் தலத்துக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது பரிதாபம்தான்.

இது வைரஸ் நோய். நோய் கண்ட கோழியின் எச்சம், சளி, மூச்சு என எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். அந்த எச்சத்தை மிதித்த செருப்பு, அந்தக் கோழி குடித்த தண்ணீர்ச் சட்டி, அதைத் தூக்கி வந்த கூடை என்று எது வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தூக்கம், தீனி எடுக்காமை, கொர்கொர் என்ற மூச்சு, வெள்ளை பச்சைக் கழிச்சல், தொங்கிய இறக்கை. தப்பிப் பிழைக்கும் சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

வந்த பிறகு இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்து மாத்திரையை உடைத்துப் புகட்டுவதால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி என்று கைவைத்தியம் செய்பவர்கள் உண்டு. செய்யட்டும், தடுப்பூசிக்கு மாற்றாக அதை நினைத்துவிடக் கூடாது.

தடுப்பு மருந்தின் வரிசை இப்படி. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் லசோட்டா என்ற மருந்து மறுபடி. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில், தோலுக்குக் கீழே ஆர்2பி ஊசி. இந்த ஊசி கொஞ்சம் வீரியமானது என்பதால் சின்னக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும். அதன் பிறகு எப்போது மறுபடி போட வேண்டும் என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் சொல்வார். தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை, கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கட்டணம் இல்லை.

இலவசம், அதுவும் ஊருக்கே வருகிறது. பிறகு ஏன் கோழிகள் சாகின்றன?

ஒரு குப்பி, ஒரு தெரு

முதல் காரணம், பத்து மணிக்கு முகாம் என்றால் கோழி ஏழு மணிக்கே காட்டுக்குப் போயிருக்கும். மேயப் போன கோழியைத் துரத்திப் பிடிக்க ஒரு கபடி டீமே வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் அடைத்த கூட்டை, முகாம் அன்று காலையில் திறக்காமல் வைத்திருந்தால் போதும். கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். இதற்காகவே, பிடிக்காமல் தீனியோடு சேர்த்துக் கொடுக்கிற குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்று மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அது குப்பியின் அளவு. இந்தத் தடுப்பு மருந்துகள் உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பவை. தூளாக உறைந்த நிலையில், சின்னக் குப்பியில் வரும். ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைப்பானில் கலந்துவிட்டால் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை ஐஸிலேயே இருக்க வேண்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடலாம் என்பதெல்லாம் நடக்காது. சூடு பட்டாலும் வெயில் பட்டாலும் அது வெறும் தண்ணீர்தான்.

எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக நூறு கோழிக்கான குப்பியை உடைக்க யாருக்கு மனசு வரும்? பண்ணைக்காரருக்கு ஒரு குப்பி ஒரு கொட்டகைக்குச் சரியாகப் போகும். வீட்டுக் கோழிக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால்தான் ஒரு குப்பிக்கு வேலை. ஏழாவது நாள் போட வேண்டிய முதல் சொட்டு பல குஞ்சுகளுக்குக் கிடைக்காமல் போவதும் இதனால்தான். முகாம் வருவது வருடத்துக்கு ஒரு தடவை. குஞ்சு பொரிப்பது வருடம் முழுக்க.

ஆகவே, தெருவில் நான்கு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் அவயம் வைத்தால் ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் குஞ்சு இருக்கும். ஒரு குப்பியை வாங்கி, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்தில் வரிசையாகச் சொட்டு விட்டுவிடலாம். மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும் ஊர்களில் இது இன்னும் எளிது. வாராந்திரக் கூட்டத்தில் கடன் கணக்கோடு கோழிக் கணக்கையும் ஒரு ஐந்து நிமிடம் பேசினால் ஆயிற்று. அவயக்கோழி தயாராக இல்லாத வீடு, பக்கத்து வீட்டுக் கோழியிடம் தன் முட்டையையும் சேர்த்து வைக்கலாம். 'உன் முட்டை, என் கோழி, குஞ்சு பாதிப் பாதி' என்று ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கிற ஏற்பாடுதான் இது.

சேர்ந்து போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேய்கிற கோழிக்கு வேலி தெரியாது. நீங்கள் போட்டு, பக்கத்து வீட்டில் போடாமல் விட்டால், அங்கே செத்து விழும் கோழியின் வைரஸ் உங்கள் வீட்டுப் புதுக் குஞ்சுகளைத் தேடி வரும்.

சந்தைக்குப் போகும் சீக்கு

இதைச் சொல்லவும் சங்கடம், சொல்லாமல் விடவும் முடியாது. ஒரு கோழி தூங்கி வழிய ஆரம்பித்ததும் பல வீடுகளில் நடப்பது என்ன? மீதி இருப்பவற்றை அவசரமாகப் பிடித்துச் சந்தைக்கோ வியாபாரிக்கோ வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சாகிற கோழியைக் காசாக்கிவிடலாம் என்ற தவிப்பு. கஷ்டப்பட்டு வளர்த்தவரின் தவிப்பு அது, குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் அந்தக் கோழிகளுக்குள் ஏற்கெனவே வைரஸ் ஏறியிருக்கும். சந்தையில் அதை வாங்கும் இன்னொரு பெண், தன் கூட்டுக்குள் கொண்டுபோய் விடுவார். அடுத்த வாரம் அந்த ஊரில் சீக்கு. நோய் ஊர்விட்டு ஊர் போவதற்கு இதைவிட வேகமான பஸ் இல்லை.

சந்தையிலிருந்தோ, உறவினர் வீட்டிலிருந்தோ, வேண்டுதல் கழித்துக் கோயிலிலிருந்தோ எந்தக் கோழி வந்தாலும், இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டிவையுங்கள். கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். தீனிச் சட்டியும் தனி. முதலில் வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதுக் கோழிக்குப் போடுங்கள்.

உங்கள் வீட்டிலேயே வந்துவிட்டால்? தூங்கும் கோழியை உடனே பிரித்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கழிச்சல் என்று நாம் நினைப்பது பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பரிசோதனையில்தான் தெரியும். கூட்டமாகக் கோழிகள் சாகும்போது, அறுத்துக் குழம்பு வைக்கிற யோசனை வேண்டாம். செத்ததை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ வீசினால் நாயும் காக்காயும் ஊர் முழுக்க இழுத்துப் போடும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ராணிக்கெட் வைரஸ் மனிதர்களுக்குச் சில நாள் கண் சிவப்பையும் எரிச்சலையும் கொடுக்கக்கூடியது.

காலியான கூட்டில் உடனே புதுக் குஞ்சு இறக்கும் ஆசையை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். பழைய வைக்கோலையும் எச்சத்தையும் சுரண்டி எரித்து, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயில் காயவிடுங்கள். மூங்கில் பஞ்சாரத்தையும் கழுவிக் கவிழ்த்துப் போடுங்கள். அதற்குள் தெருவில் இன்னும் யார் யார் வீட்டில் கூடு காலியாகக் கிடக்கிறது, யார் வீட்டில் பெட்டை அடைக்குத் தயாராகிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டால், குப்பி உடைக்கத் தேவையான கணக்கு அங்கேயே கிடைத்துவிடும். குஞ்சு பொரித்த நாளிலிருந்து ஏழாவது நாளைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க ஒரு பேனா போதும்.